புல்லட்டுக்குப் பாலிஷ்: அலுமினியம் வேறு, குரோம் வேறு

அப்பச்சி 1986-ல் வாங்கிய புல்லட் 350 காரைக்குடிக்குப் பக்கத்துப் பள்ளத்தூர் வீட்டு முகப்பில், தேக்குத் தூணுக்குப் பக்கத்தில் பல வருடமாகச் சாக்கு போர்த்தி நின்றது. கறுப்பு டேங்க், கையால் இழுத்த தங்கக் கோடு, கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இன்ஜின் வேலையை மெக்கானிக் முடித்துக் கொடுத்துவிட்டார். ஐந்தாறு உதையில் எழுந்து பழைய சத்தம் அப்படியே வந்தது. அப்பச்சி திண்ணையில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டார்கள். அப்புறம் வண்டியை வெயிலில் தள்ளி நிறுத்தினோம். அவர்கள் முகம் சுருங்கியது.

"சத்தம் இருக்கு. முகம் இல்லையேப்பா" என்றார்கள்.

உண்மைதான். வலப்பக்கம் இன்ஜின் மூடியான டைமிங் கவர் சாம்பல் பூத்துக் கிடந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு வாட்டர் சர்வீஸில் விட்டிருந்தோம். ஏதோ வெள்ளை நுரையை அடித்து ஊற வைத்துக் கழுவினார்கள். எண்ணெய்ப் பிசுக்கு போனது, கூடவே பளபளப்பும் போனது. இடப்பக்கம் இன்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயினை மூடும் செயின் கேஸ் வேறு மாதிரி. எப்போதோ ஒரு பெயிண்டர் அதன்மேல் வார்னிஷ் அடித்திருந்தார். அது மஞ்சளாகி, அடியில் புழு ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடுகள் ஓடின. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் அடிக்குழாய் இரண்டும் மங்கல். சைலன்சரிலும் ரிம்மிலும் கடுகு தூவினாற்போல் சிவப்புத் துருப் புள்ளிகள். சாக்கு போர்த்தியது பாதுகாப்பு என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தோம். சாக்கு ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது வண்டிக்கு ஈரத்துணி போர்த்தியதற்குச் சமம்.

சரி, பாலிஷ் வாங்கலாம் என்று காரைக்குடிக்குப் போனேன். கடைக்காரர் மூன்று டப்பாவை எடுத்து வைத்தார். ஒன்று பித்தளைக்குப் போடுகிற திரவப் பாலிஷ். இன்னொன்று டியூபில் வரும் பேஸ்ட். மூன்றாவது பெயிண்டுக்கான ரப்பிங் காம்பவுண்டு. "எது எடுத்தாலும் ஒண்ணுதான் சார், எல்லா மெட்டலுக்கும் போகும்" என்றார். மூன்றையும் வாங்கிக்கொண்டு வந்தேன். ஆனால் அந்த "எல்லா மெட்டலுக்கும்" என்ற வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

வீட்டில் ஆத்தா இரண்டாம் கட்டில் பித்தளைச் சாமான் துலக்கிக்கொண்டிருந்தார்கள். சீர் கொடுத்த காலத்துக் குடமும் அண்டாவும் வருடத்துக்கு ஒரு தடவை வெளியே வரும். நான் டப்பாக்களைக் காட்டினேன். ஆத்தா சிரிக்கவில்லை, கேலியும் செய்யவில்லை. கையை அலம்பிவிட்டுச் சொன்னார்கள்: "பித்தளைக்குப் புளி. வெள்ளிக்குத் திருநீறு. ஈயச் சொம்ப மட்டும் தேய்க்கவே கூடாது, கழுவித் தொடச்சு வச்சிரணும். நீ தேய்க்கப் போறது என்ன சாமான்னு மொதல்ல பாரு."

அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இந்த நான்கு வார வேலையும் நடந்தது. எந்தப் பாலிஷ் நல்லது என்பது இரண்டாவது கேள்வி. தேய்க்கப்போகும் பரப்பு எது என்பதுதான் முதல் கேள்வி.

புல்லட்டில் பளபளக்கும் சாமான் இரண்டு சாதி. டைமிங் கவர், செயின் கேஸ், கியர்பாக்ஸ் கவர், ஃபோர்க் அடிக்குழாய் எல்லாம் வார்ப்பு அலுமினியம். சைலன்சர், இன்ஜினிலிருந்து சைலன்சருக்கு வரும் பெண்ட் பைப், ஹேண்டில்பார், ரிம், ஹெட்லைட் வளையம், கிராஷ் கார்டு எல்லாம் இரும்பின்மேல் முலாம் பூசியவை. கண்ணுக்கு இரண்டும் வெள்ளையாக மின்னும். ஆனால் மின்னுகிற விதமே வேறு.

எங்கள் ஊர் ஆட்களுக்கு இதைச் சொல்ல எளிய வழி இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். கண்ணாடி போல வழுக்கும். சுண்ணாம்பைப் பல பூச்சாகப் பூசி, ஒவ்வொரு பூச்சுக்கும் மாவை இன்னும் நைசாக அரைத்து, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து வந்த வழுவழுப்பு அது. இப்போது கீழே தரையைப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல். அதை யாரும் தேய்த்து வழுவழுப்பாக்குவதில்லை. கண்ணாடித் தட்டின்மேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டை ஊற்றி, பின்பக்கம் சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கண்ணாடியின் முகம் கல்லின் முகமாகிவிடுகிறது. பளபளப்பு பிறக்கும்போதே வந்தது. அதன்மேல் அரம் போட்டால் போனது போனதுதான்.

அலுமினியம் அந்தச் சுவர் மாதிரி. தேய்த்தால் மின்னும், மங்கினால் மறுபடி தேய்க்கலாம், அடியில் முழுக்க அதே உலோகம்தான். குரோம் ஆத்தங்குடிக் கல் மாதிரி. மின்னல் முலாம் பட்டறையிலேயே முடிந்துபோன விஷயம். நம் கையில் இருப்பது அதன்மேல் படிந்த அழுக்கையும் துருவையும் எடுப்பது மட்டும்.

அந்த முலாம் எவ்வளவு மெல்லியது என்று எனக்குப் பள்ளிக்கூட நாளிலேயே கொஞ்சம் தெரியும். காரைக்குடிப் பக்கம் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த விஷயத்தில் ஒரு கொடுப்பினை உண்டு. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில்தான் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட ஆய்வகம். துருவும் முலாமும்தான் அங்கே அன்றாடப் பேச்சு. செப்டம்பரில் மாணவர்களை உள்ளே விட்ட ஒரு நாளில், பச்சை நிறக் கரைசலில் தொங்கிய இரும்புத் துண்டு நிக்கல் பூசிக்கொண்டு வெளியே வந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பச்சைத் தண்ணீரிலிருந்து எப்படி வெள்ளை உலோகம் வருகிறது என்று வீடு வரும் வழியெல்லாம் யோசித்தது நினைவிருக்கிறது.

நாம் குரோம் என்று சொல்கிற பளபளப்பில் உண்மையில் பெரும் வேலை செய்வது அந்த நிக்கல்தான். இரும்பின்மேல் 10 முதல் 30 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரை நிக்கல், சிலவற்றில் அதற்கும் அடியில் செம்பு. அதன்மேல் கடைசியாகக் குரோமியம், 0.1 முதல் 0.5 மைக்ரான். தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், குரோம் அதில் இருநூறில் ஒரு பங்குகூட இல்லாமல் போகலாம். இவ்வளவு மெல்லியதாக இருந்தும் முப்பது நாற்பது வருடம் தாங்குகிறது என்றால், அது மிகக் கடினமான உலோகம் என்பதால்தான். ஆனால் அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளையும் விரிசலும் உண்டு. அந்த வழியாக ஈரம் இறங்கி, நிக்கலில் குறை இருக்கும் இடத்தில் இரும்பைத் தொட்டுவிட்டால், துரு அடியிலிருந்து முளைத்து மேலே வரும். சைலன்சரில் நான் பார்த்த சிவப்புப் புள்ளி ஒவ்வொன்றும் அப்படி ஒரு துளையின் வாய்.

எங்கள் கிராஷ் கார்டில், கால் உரசுகிற இடத்தில் மட்டும் வெள்ளை போய் லேசான மஞ்சள் சாயல் தெரிகிறது. அங்கே குரோம் தேய்ந்து நிக்கல் எட்டிப் பார்க்கிறது. அதற்குமேல் அங்கே எந்தப் பாலிஷும் போடக்கூடாது.

முதல் சனிக்கிழமை முழுவதும் சோதனைக்கே போனது. வீணான நாள் இல்லை.

முதலில் டப்பாக்களின் நைசு. சிட்டிகை பேஸ்ட்டை எடுத்து நகத்தின்மேல் வைத்து விரலால் தேய்த்தால் கொஞ்சம் தெரியும், ஆனால் போதாது. பழைய சிடி ஒன்றை எடுத்து, அதன் மினுங்கும் பக்கத்தில் மூன்று இடத்தில் மூன்றையும் வைத்து, பனியன் துணியால் இருபது சுற்று ஒரே அழுத்தத்தில் தேய்த்தேன். சிடியின் பிளாஸ்டிக் மெத்தென்றது, சின்னக் கீறலையும் மறைக்காது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், ரப்பிங் காம்பவுண்டு தேய்த்த இடம் பனி மூடியதுபோல் இருந்தது. பித்தளைத் திரவம் மெல்லிய வட்டக் கோடுகளை விட்டிருந்தது. டியூப் பேஸ்ட் தேய்த்த இடத்தில் கோடு தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. குரோம் பக்கம் எதைக் கொண்டுபோகலாம், எதைக் கொண்டுபோகவே கூடாது என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. புதிதாக ஒரு பாலிஷ் வாங்குகிறவர்கள் வண்டியில் வைப்பதற்குமுன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

அடுத்து, பரப்பைத் தெரிந்துகொள்ளும் சோதனை. வெள்ளைத் துணியில் பயறளவு பேஸ்ட் எடுத்து, மறைவான ஓரத்தில் பத்துத் தடவை தேய்த்துத் துணியைத் திருப்பிப் பாருங்கள். மை போலக் கறுத்தால் அது வெற்று அலுமினியம். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, பொடிப்பொடியாய்க் கழன்று வந்த அலுமினியமே. துணி கறுக்கவில்லை என்றால் மேலே வார்னிஷோ, முலாமோ, அனோடைஸ் செய்த (மின்சாரம் பாய்ச்சி ஆக்சைடைக் கனமாக்கிய) தோலோ இருக்கிறது. எங்கள் டைமிங் கவர் உடனே கறுத்தது. செயின் கேஸில் துணி மஞ்சளாக மட்டும் வந்தது. வார்னிஷ் இருக்கும்வரை அதில் எந்தப் பாலிஷைப் போட்டாலும் நாம் தேய்ப்பது வார்னிஷைத்தான்.

செயின் கேஸைக் கழற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடலைக் கழற்றி, அடியில் தட்டு வைத்து ஆயிலை வடித்து, நடு நட்டை எடுத்தால் வெளி மூடி முழுசாகக் கையோடு வந்துவிடும். அந்த ஒரே நட்டுதான் மூடியைப் பிடித்திருக்கிறது, அந்தக் காலத்து வடிவமைப்பின் அழகு. உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைப் பத்திரமாக எடுத்து வைத்தேன்.

வார்னிஷை எடுக்கக் காஸ்டிக் சோடா போடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். அலுமினியம் காற்று பட்ட கணத்திலேயே சில நானோமீட்டர் கனத்தில் ஓர் ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்ளும். அதுதான் அதன் கவசம். அமிலமும் இல்லாமல் காரமும் இல்லாமல் நடுவாக இருக்கும்வரை அந்தத் தோல் நிற்கும். கடுமையான காரம் பட்டால் தோல் கரைந்து, அடியில் உலோகம் நுரைத்துக்கொண்டு கரையத் தொடங்கும். எங்கள் டைமிங் கவரைச் சாம்பலாக்கிய வெள்ளை நுரையும் இப்படி எதையோ செய்திருக்க வேண்டும். வாஷிங் சோடா, ஈரச் சாம்பல், சுண்ணாம்பு எல்லாமே காரம். அலுமினியத்துக்கு இவை ஆகாது. பெயிண்ட் கடையில் கிடைக்கும் ரிமூவரை வாங்கி, கையுறை போட்டுக்கொண்டு, திறந்த வெளியில் தடவி, வார்னிஷ் சுருங்கியதும் மரச் சீவலால் வழித்து எடுத்தேன்.

புளிக்கும் இங்கே இடமில்லை. ஆத்தா பித்தளை துலக்கிய துணியை அலுமினியத்துக்கு எடுக்கவும் கூடாது. அந்தத் துணியில் செம்பு ஒட்டியிருக்கும். புளியின் ஈரத்தோடு செம்பு அலுமினியத்தில் படிந்தால், அந்தப் புள்ளியில் மின்கலம்போல் ஒன்று உண்டாகி அலுமினியம் அரித்துக் கறுப்புக் குழி விழும். இரண்டாம் வாரம் அவசரத்தில் கொடியில் கிடந்த துணியை எடுத்து ஃபோர்க் குழாயைத் துடைத்துவிட்டு அப்படியே விட்டேன். மறுநாள் நான்கைந்து கறுப்புப் பொட்டு. எடுப்பதற்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். அன்றிலிருந்து துணிகளை மூன்று டப்பாவில் பிரித்து வைத்து, மூடியில் சாக்பீஸால் பெயர் எழுதிவிட்டேன்.

இனி தேய்ப்பு. புழு ஊர்ந்த கோடு அரிப்பு என்பதால் பாலிஷ் மட்டும் போதாது, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பர் வேண்டும். எண் கூடக் கூடத் தாள் நைசு. செயின் கேஸுக்கு 400-ல் தொடங்கி 600, 1000, 1500, 2000 என்று போனேன். டைமிங் கவருக்கு 800-லிருந்தே போதுமாக இருந்தது. எந்த எண்ணில் தொடங்கலாம் என்றால், குறையை எடுக்கக்கூடிய மிக நைசான தாளில். தேவையில்லாமல் 220-ல் தொடங்கினால், அந்தக் கோடுகளை எடுக்கவே பாதி நாள் போய்விடும்.

வாளித் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். தாளைப் பழைய ரப்பர்ச் செருப்புத் துண்டில் சுற்றிக்கொண்டேன், விரல் நுனியால் நேரடியாக அழுத்தினால் பள்ளம் விழும். முதல் தாளில் நெடுக்காகத் தேய்த்தால் அடுத்த தாளில் குறுக்காக. நெடுக்குக் கோடு ஒன்றுகூடத் தெரியாத வரைக்கும் குறுக்குத் தேய்ப்பு நிற்கக்கூடாது. தெரிந்ததா இல்லையா என்று ஈரத்தில் பார்க்காதீர்கள். ஈரம் எல்லாவற்றையும் மறைக்கும். துடைத்து, வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டும். 600-லிருந்து நேராக 1500-க்குத் தாவியபோது பேஸ்ட் போட்ட பிறகுதான் 600-ன் கோடுகள் கண்ணாடிக்குள் தெரியும் தலைமுடி போல எழுந்து வந்தன. திரும்பவும் 1000-க்குப் போனேன். சுவர் பூசிய கொத்தனார்கள் மாவை நைசாக்கிக்கொண்டே போனதில் ஒரு படியையும் விட்டிருக்க மாட்டார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில், கையால் இத்தனை பாடு எதற்கு, சக்கரத்தில் கொடுத்துவிடலாமே என்று எவர்சில்வர்ப் பாத்திரத்துக்குச் சுழலும் சக்கரத்தில் மெருகேற்றுகிற (பஃப் போடுகிற) ஒரு பட்டறைக்கும் கவரைக் கொண்டுபோனேன். அந்த அண்ணன் கவரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பணம் வரும் வேலை, ஆனாலும் நேராகச் சொன்னார்: "தம்பி, இது ரொம்ப மிருதுவான சாமான். கொஞ்சம் அழுத்துனா சூடேறி இழுத்துரும். எழுத்தும் ஓரமும் மழுங்கிப்போகும். எவர்சில்வர் ஓட்டுன சக்கரத்துல இத வைக்கவும் கூடாது. இதுக்குன்னு தனிச் சக்கரம் என்கிட்ட இல்ல." சக்கரத்தில் சிக்கியிருக்கும் எஃகுத் துணுக்கு அலுமினியத்தில் புதைந்து கீறும் என்பதை அவர் விரலால் கோடு இழுத்துக் காட்டினார். அலுமினியத் தூசியும் எஃகு கிளப்பும் தீப்பொறியும் ஒரே இடத்தில் சேர்ந்தால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. அவருடைய யோக்கியத்துக்கு நன்றி. கவரின் ஓரமெல்லாம் இன்று கூர்மையாகவே இருக்கிறது.

2000 முடிந்ததும் பரப்பு மங்கலான பால்வெள்ளையாக இருக்கும். இங்கேதான் பாலிஷ் தேர்வு வேலைக்கு வருகிறது. ஒரே கவரில் நடுவே காகித டேப் ஒட்டி, ஒரு பக்கம் பித்தளைத் திரவம், மறுபக்கம் டியூப் பேஸ்ட் போட்டுப் பார்த்தேன். திரவமும் மினுக்குகிறது. ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, அதிகம் போடவேண்டி வருகிறது, திருகுக் குழியிலும் எழுத்துப் பள்ளத்திலும் வெள்ளையாகத் தங்கிவிடுகிறது. அம்மோனியா நெடி உள்ள திரவம் என்றால், அதுவும் காரம் என்பதால், அப்படித் தங்குவதை விட்டுவைக்கவும் எனக்கு மனமில்லை. பித்தளைக் குத்துவிளக்குக்கு அது அருமையான சாமான், அதன் இடம் அது. பேஸ்ட் பக்கம் ஆறேழு நிமிடத்தில் என் சட்டை நிறம் கவரில் தெரிந்தது. நான் பயன்படுத்தியது ஆட்டோசால் என்கிற ஜெர்மன் பேஸ்ட். இந்த வகைப் பேஸ்ட்டுகளில் பெரும்பாலும் அரைக்கும் பொருள் நைசாக்கிய அலுமினியம் ஆக்சைடு. அதுவேதான் குருந்தக்கல். கோரண்டம் என்று உலகம் சொல்கிற பெயரே நம் குருந்தம் என்ற சொல்லிலிருந்து போனது. அலுமினியத்தை அதன் ஆக்சைடை வைத்தே மினுக்குகிறோம் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

பேஸ்ட் போடும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பலர் தவறுவது இங்கேதான். மொச்சைக்கொட்டை அளவு எடுத்தால் உள்ளங்கை அகலத்துக்குப் போதும். கவர் முழுவதும் ஒரே தடவையாகத் தடவாதீர்கள். பழைய பனியன் துணியை நான்காக மடித்து, சின்னச் சின்ன வட்டமாக, முதலில் அழுத்தி, துணி நன்றாகக் கறுத்த பிறகு அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கறுப்பைப் பார்த்ததும் துடைத்துவிடத் தோன்றும், துடைக்கக் கூடாது. அந்தக் கறுப்புக் குழம்பே தேயத் தேய நைசாகிக் கடைசி மினுக்கலைக் கொடுக்கும். குழம்பு காயத் தொடங்கி, துணி லேசாகக் கீச்சென்று இழுக்கிற நேரம் வரும். அப்போது துணியைத் திருப்பிச் சுத்தமான பக்கத்தால் ஒரே வழியில் எடுத்தால் அடியிலிருந்து வெளிச்சம் எழும். ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு சுற்று. கடைசியில் கவர்மேல் ஒரு சிட்டிகை மைதா தூவி உலர்ந்த துணியால் தேய்த்தேன். மிச்ச எண்ணெய்ப் பசையை மாவு குடித்துவிடும். திருகுக் குழிக்குப் பழைய பல்துலக்கும் பிரஷ்.

பேஸ்ட் துணியோ ஆயில் துணியோ பிரேக் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முன் ஃபோர்க் தேய்க்கும்போது சக்கரத்தை ஒரு கோணிப்பையால் மூடிவிட்டேன்.

மூன்றாம் வாரம் குரோம். இங்கே வேலை தலைகீழ். தாள் கிடையாது, கம்பி நார் கிடையாது, ரப்பிங் காம்பவுண்டு கிடையாது. குளியலறை கழுவும் ஆசிட்டை யாராவது சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், குரோமையே கரைக்கக்கூடியது. பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் தன் வண்டியின் கிராஷ் கார்டை அதில் நனைத்த துணியால் துடைத்து, ஒரே மாலையில் மங்கலாக்கிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினான். அதற்கு மறுமுலாம் தவிர வழியில்லை.

ஷாம்பூத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, துருப் புள்ளிகளுக்கு இட்லி தட்டளவு அலுமினியத் தாளைக் கிழித்தேன். சாப்பாடு பொட்டலம் கட்டுகிற அதே தாள். கசக்கி உருண்டையாக்கி, தண்ணீரில் நனைத்து, புள்ளியின்மேல் மெதுவாகத் தேய்த்தால் பழுப்பு நிறக் குழம்பு கிளம்பும். அலுமினியம் குரோமைவிட மிகவும் மிருதுவானது, குரோமைக் கீற அதனால் முடியாது. துருவை மட்டும் இழுத்துக்கொண்டு வரும். சைலன்சரில் ஒரு கை அகலம் முடிக்கப் பத்து நிமிடம். விரலால் தடவினால் முன்பு நறநறவென்றிருந்த இடம் வழுக்கும். கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தால் ஊசி முனை அளவில் கறுப்புத் துளைகள் மட்டும் மிஞ்சியிருக்கும். துரு எடுத்த குழி அது. எந்தப் பாலிஷும் அதை நிரப்பாது. எட்டடி தள்ளி நின்றால் தெரியாது, அது போதும் எனக்கு.

துருவை எடுத்த இடத்தில் டியூப் பேஸ்ட்டை ஒரே ஒரு தடவை, துணியின் கனம் மட்டும் அழுத்தும்படி ஓட்டினேன். குரோமில் துணி கறுத்தால் சந்தோஷப்படக் கூடாது. வெளியே வரும் கறுப்பு சைலன்சர்ப் புகையும் ரோட்டு அழுக்குமாக இருந்தால் சரி. அழுக்கு போன பிறகும் கறுத்துக்கொண்டே இருந்தால் நாம் முலாமைத் தின்கிறோம், நிறுத்திவிட வேண்டும். பெண்ட் பைப்பில் சூட்டால் வந்த பொன்னிறமும் நீலமும் பேஸ்ட்டில் ஓரளவு போகும், ஓட்டினால் திரும்ப வரும். அதற்கு இதற்குமேல் நேரம் செலவழிக்கவில்லை.

குரோமுக்கு உண்மையில் தேவையானது பாலிஷைவிட மெழுகு. கார் மெழுகை மெல்லியதாகத் தடவி, காய்ந்ததும் துடைத்து, மறுநாள் இன்னொரு தடவை. அந்த ஊசித் துளைகளை அடைத்து ஈரத்தை வெளியே நிறுத்துவது மெழுகுதான். ரிம்மில் ஸ்போக் கம்பியை இறுக்கும் நிப்பிளைச் சுற்றித் தண்ணீர் தங்கும் இடத்துக்குப் பஞ்சுக் குச்சியால் தடவினேன். ஒவ்வொரு நிப்பிளாக, ஒரு ஞாயிறு முழுக்க அதற்கே. சைலன்சரின் பின்பாதிக்கு மெழுகு சரி, பெண்ட் பைப்பில் எரிந்து கறையாகிவிடும், அங்கே போடவில்லை. வண்டியைக் கிளப்பும்முன் பைப்பில் கைரேகை இல்லாமல் துடைத்துவிடுவது நல்லது. சூட்டில் அந்த ரேகை அப்படியே படிந்துவிடும்.

அலுமினியத்துக்கும் மெழுகு போட்டேன். தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று ஆத்தா கேட்டார்கள், ஆத்தங்குடித் தரைக்கு அதைத்தான் போடுவார்கள். தரையைத் தினம் துடைக்கிறோம். வண்டியில் எண்ணெய் இருந்தால் எங்கள் செம்மண் தூசி முழுவதும் அதில் ஒட்டிக்கொண்டு, அடுத்த தடவை துடைக்கும்போது அதுவே உப்புத்தாள் ஆகிவிடும். அதனால் வேண்டாம் என்றேன். ஒத்துக்கொண்டார்கள்.

நான்காம் வாரம் செயின் கேஸை மாட்டி, புது ரப்பர் வளையம் போட்டு, ஆயில் ஊற்றி, ஒழுகவில்லை என்று ஒரு நாள் காகிதம் விரித்துப் பார்த்தேன். அப்பச்சி டைமிங் கவருக்கு முன்னால் குனிந்து நின்றார்கள். கவரில் தேக்குத் தூணும், வளவு வெளிச்சமும், அவர்கள் வெள்ளை வேட்டியும் வளைந்து தெரிந்தன. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து, கானாடுகாத்தான் வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்கள்.

இந்தத் தடவை மழைக்காலத்தில் சாக்கு போர்த்தவில்லை. காற்று புகும் பருத்தித் துணி, வாரத்துக்கு ஒருமுறை உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு. மார்கழியில் துணியை விலக்கிப் பார்த்தபோது சைலன்சரில் புதுப் புள்ளி எதுவும் இல்லை. டைமிங் கவரின் அடித் திருகைச் சுற்றி மட்டும் நகக்கண் அகலத்தில் வெள்ளை பூத்திருந்தது. பயறளவு பேஸ்ட், ஐந்து நிமிடம். பின் ரிம்மில் டயர் ஓரத்தை ஒட்டி ஒரு விரல் நீளத்துக்கு முலாம் தோலாக எழும்பியிருக்கிறது. அதைத் தேய்க்காமல் மெழுகு மட்டும் வைத்திருக்கிறேன். டயர் மாற்றும்போது ரிம்மைத் தனியாக எடுத்து, மறுமுலாமுக்கு மதுரைக்கு அனுப்ப வேண்டும்.